கைப்பேசிப் புலி

பேருந்தில் ஜன்னலோர இருக்கையிலிருந்து திடீரென ஓர் ஆடு கத்தினால், குனிந்து சீட்டுக்கடியில் தேட வேண்டாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவர் கைப்பேசியில் ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறார், அவ்வளவுதான். வெட்டுப்படும் ஆடு ஒவ்வொன்றும் பேருந்துக்கே கேட்கும்படி கத்த வேண்டும் என்பது அவர் கட்சி. யாராவது எட்டிப் பார்த்தால் போதும், "இதெல்லாம் நம்ம முன்னோர் மூளை சார்!" என்று சொற்பொழிவு தொடங்கிவிடும். சொற்பொழிவில் குற்றமில்லை. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு என்ற கணக்கும் சரிதான். ஆனால் இவர் ஆடுவது அந்த ஆட்டமா என்பதில்தான் வழக்கே.

முதல் சாட்சி, இவர் எப்போதும் புலி. வட்டாரத்துக்கு வட்டாரம் விதி கொஞ்சம் மாறினாலும் புலியின் சுகம் எங்கும் ஒன்றுதான்: பக்கத்தில் ஆடு, அதற்கு நேர் அப்பால் காலிப் புள்ளி என்றால் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்காரர் பாடு அப்படியா? பதினைந்தையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது. அதன்பிறகும் வெட்டும் உரிமை கிடையாது. நெருக்கி நெருக்கியே மூன்று புலிகளையும் அசையவிடாமல் கட்ட வேண்டும். மூளைக்கு வேலை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். முன்னோர் மூளையைப் புகழ்பவர் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அடுத்த சாட்சி 'அன்டூ' பொத்தான். திண்ணையில் வைத்த காயை எடுக்கப் போனால் எதிராளி கையைப் பிடித்துக்கொள்வார், வேடிக்கை பார்ப்பவர்கள் மானத்தை வாங்குவார்கள். கைப்பேசிக்குப் பிடிக்கக் கையுமில்லை, சிரிக்க வாயுமில்லை. எனவே வரலாறு ஒரே ஆட்டத்தில் பலமுறை திருத்தி எழுதப்படும். அப்படியும் மூன்று புலிகளும் மாட்டிக்கொண்டால், "அடடா, நம்ம ஸ்டாப் வந்துருச்சு" என்று செயலியையே மூடிவிடுவார். நிறுத்தம் இன்னும் நாலு தள்ளி இருக்கும்.

"என்ன இருந்தாலும் மெஷினையே ஜெயிக்கிறேனே?" என்பார். அதற்குத்தான் 'ஈஸி' என்ற நிலையை வைத்திருக்கிறார்கள். மெஷின் முழுமூச்சாக இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, இதைப்போலவே தாண்டி வெட்டும் செக்கர்ஸ் ஆட்டம் சாட்சி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழுவினர் 1989-இல் தொடங்கிய சினூக் என்ற நிரல், 5-க்குப் பின் 20 சுழியம் போடும் அளவுக்கு நிலைகள் கொண்ட அந்த ஆட்டத்தை 2007-இல் தீர்த்தே விட்டது: இருவரும் பிழையின்றி ஆடினால் சமன். அதாவது, சினூக்கோடு செக்கர்ஸ் ஆட உட்காரும் மனிதர் எதிர்பார்க்கக்கூடிய உச்சபட்ச மரியாதை டிரா. அந்தச் சாதியைச் சேர்ந்த ஒரு பொருள், நம்மவரிடம் தினமும் பத்து ஆடுகளைப் பறிகொடுக்கிறது என்றால், அதைத் தோல்வி என்பதா, தர்மம் என்பதா? மூளைக்குப் பயிற்சி என்ற வாதமும் இத்தோடு அடிபடுகிறது. பயிற்சி பெறுவது விரல்தான்.

ஒரு வாதத்தை மட்டும் அப்படித் தள்ள முடியாது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டியாகிவிட்டது. ஆட ஆள் எங்கே என்று அவர் கேட்டால் நியாயம்தான். பேரன்மார் வெளியூரில், சோட்டாளிகள் ஆஸ்பத்திரி வரிசையில். துணையில்லாத மனிதர் பொம்மைப் புலியை வளர்த்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அந்தச் செயலியிலேயே 'இரண்டு பேர்' என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்ட பக்கத்து சீட்டுப் பையன், "தாத்தா, நான் ஆடு வச்சுக்கிறேன், ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கும், கைப்பேசி சட்டைப்பைக்குள் போகும். "சார்ஜ் கம்மியா இருக்குப்பா."