மலை கெட்டுப்போச்சு சார்!

கொடைக்கானல் கெட்டுப்போச்சு என்று சொல்லாத ஆள், அநேகமாக அங்கே போகாத ஆள். 'எங்க காலத்துல மே மாசத்துலயே ஸ்வெட்டர் இல்லாம தலைகாட்ட முடியாது' என்பார் பெரியப்பா, மலையைக் குளிரவைத்ததே தாம்தான் என்கிற தோரணையில். அவர் நினைத்து உருகும் கொடைக்கானல் ஏரியே 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியதுதான். 'நல்ல சதுப்பு நிலத்தைப் பாழாக்கிட்டானே வெள்ளைக்காரன்' என்று அன்றைக்கும் யாராவது புலம்பினார்களோ என்னவோ.

பிசாசின் சமையலறை என்று வெள்ளைக்காரர்கள் பயந்து பெயர்வைத்த இடம், 1991-ல் கமல் படம் வந்ததும் குணா குகை ஆகிவிட்டது. பேய்க்குப் பதில் காதல். அதே குகையை வைத்து 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தது. ஆள் தவறி விழுந்த பள்ளம் என்றதும் கைக்குழந்தை சகிதம் வரிசைகட்டி நிற்கிறார்கள். வேலிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி, ஒரு கையில் மிளகாய்ப்பொடி தடவிய சோளம். சோளம் மட்டும் அன்றும் இன்றும் அதே காரம்.

அதே 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸும் வந்தது. நம்மவர் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மொபைலை எடுத்து விண்ணப்பிக்கவே ஆரம்பிப்பார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். பின் சீட்டிலிருந்து அம்மணி அங்கலாய்ப்பார்: "இவ்வளவு கூட்டத்தை எதுக்குத்தான் மேல விடுறாங்களோ!"