ஓடிக்கொண்டிருந்த கார்

திருச்சி மன்னார்புரத்தில் குடியிருப்பவனுக்கு விமானம் விடும் ஆசை வரக் கூடாது. எனக்கு ஐம்பத்தாறு வயதில் வந்தது. தெர்மாகோல் விமானமும் ரிமோட்டும் வாங்கி வந்த அன்றே மச்சினர் மகன் குண்டைப் போட்டான். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி வாங்காமல் பறக்கவிட முடியாதாம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் விமானம் இறங்குவதே தெரியும். ஆகவே என் விமானம் பீரோவின் மேல் தரையிறங்கியது. அதன் ரிசீவரைக் கழற்றி ஒரு பொம்மைக் காரில் மாட்டிக்கொண்டேன்.

கார் ஒரு வருஷம் மொட்டை மாடியில் ஒழுங்காக ஓடியது. ஒரு குறையும் இல்லை. அதுதான் என் கண்ணை உறுத்தியது. ரிமோட்டை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

ரிமோட்டுக்குள் இரண்டு குடித்தனம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மேல் போர்ஷனில் எட்ஜ்டிஎக்ஸ்: திரை, குச்சி, சுவிட்ச் எல்லாம் அதன் பொறுப்பு. கீழ் போர்ஷனில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்: அலைவரிசையில் காரோடு பேசுவது அது. இரண்டுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர்.

முதலில் மேல் போர்ஷன். இரண்டு கட்டைவிரல்களாலும் ட்ரிம் பட்டன்களை உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி பவரை அமுக்கினால்தான், ஃபர்ம்வேரை ஏற்றும் வாசலான பூட்லோடர் திறக்கும். பவரை அமுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மனைவியைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து அமுக்கினாள், பூட்லோடர் திறந்தது. பவர் பட்டனில் இட்லி மாவு இன்றும் காய்ந்து கிடக்கிறது.

ரிமோட்டின் எஸ்டி கார்டில் இருப்பதும் புதுப் பதிப்புக்குப் பொருந்த வேண்டும் என்றார்கள். சுத்தபத்தமாக இருக்கட்டுமே என்று கார்டையே துடைத்துவிட்டேன். காரின் பெயர், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் அந்தக் கார்டில்தான் இருந்தன. குரல் கோப்புகளும் போனதால் ரிமோட் ஊமையாகிவிட்டது.

அடுத்து கீழ் போர்ஷனை இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றுக்கு ஏற்றினேன். காரில் இருந்த ரிசீவர் இன்னும் இரண்டில் இருந்தது. பதிப்பின் முதல் எண் ஒத்துப்போகாவிட்டால் ரிமோட்டும் ரிசீவரும் பேசிக்கொள்ளாது. கட்டைவிரல் நகத்தளவு ரிசீவர் அது. ஒரு நிமிஷம் காத்திருந்து சிக்னல் வராவிட்டால் தானே ஒரு வைஃபை திறக்கும். போனை அதில் இணைத்து, 10.0.0.1 என்று தட்டி, கோப்பை ஏற்றினேன்.

"இது வேறு ரிசீவருக்கான கோப்பு. இருந்தாலும் போடவா?" என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. ஒரு ஜடப்பொருள் இவ்வளவு பொறுமையாக என்னை எச்சரித்தது அதுதான் முதல் தடவை. "போடு" என்பதை அமுக்கினேன். விளக்கு அணைந்தது.

"பிரிக் ஆயிடுச்சு" என்றேன்.

"செங்கல்லா? என்ன விலைங்க?" என்றாள் மனைவி. சொல்லவில்லை.

சாயங்காலம் மச்சினர் மகன் சால்டரிங் அயர்னோடு வந்தான். ரிசீவரில் நாலு ஒயரைப் பற்றவைத்தான். பூட் புள்ளிகளை இடுக்கியால் இணைத்துப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தான். சரியான கோப்பை ஏற்றியதும் விளக்கு எரிந்தது. "வீல் தரையில படாம தூக்கி வெச்சு டெஸ்ட் பண்ணுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

தூக்கி வைப்பதாவது! மொட்டை மாடித் தரையில் விட்டு இடது பக்கம் திருப்பினேன். கார் வலது பக்கம் பாய்ந்தது. பழைய கணக்குதான் கார்டோடு போயிற்றே. வலது பக்கம், வெள்ளை வேட்டியில், அன்று காலை பிழிந்த கூழ் வற்றல் இருந்தது. மூன்று வரிசை.

ஆகவே வாசகர்களே, ஃபர்ம்வேரில் கை வைக்குமுன் கார்டுக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். ரிமோட், ரிசீவர் இரண்டின் பதிப்பு எண்ணையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரம் "போடவா?" என்று கேட்டால் வீட்டில் யாரையாவது கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

"இவ்வளவு பண்ணி இப்ப புதுசா என்னங்க வந்துருக்கு?" என்று ராத்திரி மனைவி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கார் முன்பு எப்படி ஓடியதோ, அப்படியே ஓடுகிறது.