முதலில் புள்ளி, பிறகு எழுத்து

தமிழ் எழுத்தைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற யோசனை நம்மவர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. நம்பாதவர்கள் அன்னவாசலில் இறங்கி, பக்கத்திலிருக்கும் சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்கிற குகை வரை ஏறிப் பார்க்கலாம். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் சமணத் துறவி ஒருவருக்குக் கல்லிலேயே படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விட்டார்களா? துறவிக்கு எந்த ஊர், செய்து கொடுத்தது யார் என்று தமிழ் பிராமியில் அதன் மேலேயே கொத்தியும் வைத்தார்கள். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' எழுதும் பழக்கத்துக்கு வயது அவ்வளவு.

கல்லெழுத்தில் ஒரு வசதி உண்டு, யாரும் திருடிப் போக முடியாது. மற்றபடி எல்லாமே அவஸ்தைதான். பிழை விழுந்தால் அழிக்க முடியாது, நகல் வேண்டுமென்றால் இன்னொரு பாறை தேட வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதே மலையின் அறிவர் கோயிலைப் புதுப்பித்த இளங்கௌதமனும் சேதியைக் கல்லில்தான் வெட்டிவைத்தார். ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களில் எழுத்தின் வடிவம் மாறியது, எடை குறையவில்லை.

எடை குறைந்தது ஓலையில். ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். எழுதுகிறவர்கள் சிக்கனமாக ஒரு முடிவெடுத்தார்கள்: புள்ளியே வேண்டாம். விளைவு, 'கல்வி' என்று எழுதினாலும் 'கலவி' என்று எழுதினாலும் ஓலையில் ஒன்றுதான். இடம் பார்த்துப் பொருள் கொள்வது மாணாக்கன் சமர்த்து; தவறாகக் கொண்டால் வாத்தியார் பிரம்பு.

டைப்ரைட்டரில் இந்தப் புள்ளிக்கு இடம் பிடித்துக் கொடுக்க ஒருவர் யாழ்ப்பாணம், சுண்டிக்குளியிலிருந்து வந்தார். 1886-ல் பிறந்த ஆர். முத்தையா, 1907-ல் பிழைப்புக்காக மலாயா பக்கம் போனவர். அங்கே அலுவலகங்களில் ஆங்கில டைப்ரைட்டர்கள் கடகடவென்று ஓடுவதைப் பார்த்தார். பார்த்தவர்கள் ஆயிரம் பேர். 'நம்ம பாஷைக்கு ஒன்று செய்தால் என்ன?' என்று கிளம்பியவர் இவர்.

கிளம்பிய பிறகுதான் கணக்கு உதைத்தது. மெஷினில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தாலும் தொண்ணூறைச் சுற்றித்தான் வரும். தமிழ் எழுத்தோ 247. ஒரு கொம்பு, ஒரு காலை வைத்துக்கொண்டு பெரும்பாலான மெய்களுக்குச் சேவகம் செய்யவைக்கலாம். ஆனால் கு, டு, மு, ரு வகையறா தனித்தனி முகம் வைத்துக்கொண்டு தனித்தனி நாற்காலி கேட்டன.

புள்ளியும் 'கி'யின் தலையிலிருக்கும் விசிறியும் இன்னொரு தொல்லை. எழுத்தைத் தட்டினால் தாள் ஓர் எழுத்து அகலம் நகர்ந்துவிடும்; அதன் தலையில் எதையும் வைக்க முடியாது. இதற்காகத்தான் நகரா விசை. தட்டினால் குறி மட்டும் விழும், தாள் அசையாது. ஆகவே புள்ளியை முதலில் தட்டி, அதன் அடியில் மெய்யைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மெய் புள்ளியோடு நிற்கும் என்றார் தொல்காப்பியர். யார் முதலில் நிற்பது என்று அவர் சொல்லாமல் விட்டதை மெஷின் தீர்த்துவைத்தது.

முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகு, தமிழ் மெஷினைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான். தையல் மெஷினும் சைக்கிளும் செய்த கம்பெனி. முதலாளியின் பேத்தி பெயரில் 'எரிகா' என்று அவர்கள் விற்ற கைப்பெட்டி மெஷினுக்கு வெளிநாட்டில் 'பிஜோ' என்று பெயர். அந்த பிஜோவில் தமிழும் ஏறியது. மலையிலிருந்து இறங்கிய தமிழ், கைப்பிடி வைத்த பெட்டிக்குள் வர இரண்டாயிரம் வருடம் பிடித்தது.

தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பார்த்தது அந்தச் சிங்காரப் பெட்டியை அல்ல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் ரெமிங்டனையும் கோத்ரெஜையும். ஏறத்தாழ 15 கிலோ. லோயர், ஹையர் பரீட்சை வந்தால் அவற்றைத் தூக்கி வேனில் ஏற்றி, தேர்வு மையத்தில் இறக்கி, படியேற்றி வைக்க வேண்டும். விரல் வேகத்தைச் சோதிக்கும் பரீட்சைக்கு முதலில் இடுப்பு பாஸாக வேண்டும்.

இதற்கிடையில் எழுத்தே மாறியது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் நடத்திக்காட்டிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை தும்பிக்கையை இழந்தன. றா, ணா, னா சுருட்டல் விட்டுக் காலூன்றின. பழைய வடிவங்களுக்கு ஓர் அரசாணையில் கட்டாய ஓய்வு.

1999-ல் கணினிக்காகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக உட்காரும். ஆனால் டைப்ரைட்டரில் 'யளனக' என்று விரல் பழகியவர்கள் அசையவில்லை. இன்றும் தமிழ் மென்பொருள் செய்கிறவர்கள் பழைய டைப்ரைட்டர் அமைப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். எழுத்துக்கு அரசாணை போடலாம். லோயர் பாஸான விரலுக்குப் போட முடியாது.