சங்கப் பலகையும் சிசுப் பலகையும்: ஓர் ஆராய்ச்சி

தமிழர் வரலாற்றில் பலகைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மிதந்த சங்கப் பலகை, தகுதியானவருக்கு மட்டும் இடம் கொடுத்து மற்றவர்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டது என்பார்கள். இன்றைக்கும் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் பலகைகள்தாம். எச்சில் துப்பாதீர், விளம்பரம் செய்யாதீர், திருடர்கள் ஜாக்கிரதை, திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர். இத்தனை பலகை கண்ட இனத்துக்கு, கைக்குழந்தையைக் கிடத்தித் துணி மாற்ற ஒரு பலகை மட்டும் ஏன் வாய்க்கவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட ஆய்வுச் சிக்கல்.

முதலில் சொல்லாராய்ச்சி. இந்தப் பொருளுக்குத் தமிழில் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்றை எந்த டெண்டரில் சேர்ப்பது? ஆகவே ‘சிசுப் பலகை’ என்று இக்கட்டுரையாளர் பெயர் சூட்டுகிறார். அதன்மேல் நடக்கும் காரியத்தை ‘பாம்பர்ஸ் மாத்துறது’ என்கிறோம். நகல் எல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, எந்தக் கம்பெனி டயப்பரும் நமக்குப் பாம்பர்ஸ்தான்.

அடுத்து இலக்கியச் சான்று. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி என்று மாதக் கணக்குப் பிசகாமல் வகுத்திருக்கிறார்கள். நனைக்கும் பருவம் என்று ஒன்றை யாரும் வகுக்கவில்லை. பாட்டுடைத் தலைவர்கள் பெரும்பாலும் கடவுளர் என்பதால் கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம். பிள்ளைகளின் உடலைத் தொடுவது நம் உடலுக்கு இன்பம் என்று வள்ளுவர் சொன்னார். எந்த நேரத்தில் என்று சொல்லவில்லை. நெஞ்சறிந்து உண்மையைப் பதிவு செய்தவர் பெரியாழ்வார் ஒருவரே. கண்ணன் சொட்டச் சொட்ட ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதைப் பாடி, அந்தத் துளிகளை முத்துக்கு ஒப்பிட்டார். இவ்வளவு பெரிய தாய்மைச் செய்தியைத் தந்தவர் ஓர் ஆண் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். அவருக்கு அன்று பஸ் பிடிக்கும் அவசரம் இல்லை என்பதையும்தான்.

எனக்கு இருந்தது. கள ஆய்வு இப்படித்தான் திடீரென்று அமைந்தது. இடம், தென்மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையம். ஆய்வாளர் நான், ஆய்வுப் பொருள் எட்டு மாத மகள். மனைவிக்கு அன்று அலுவலகம். பிள்ளையை ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பு என் தலையில். பஸ் கிளம்பப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஆய்வுப் பொருள் தன் பங்களிப்பைத் தாராளமாகச் செய்தது.

கட்டணக் கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார், “ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?”

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. பாப்பா ரெண்டு போயிருச்சு. மாத்தணும்.”

அவர் தலைக்குமேல் இருந்த கட்டணப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முன்னமே முடித்துவிட்டு உள்ளே வருகிறவருக்கு அதில் கட்டணம் குறிக்கப்படவில்லை. சற்று யோசித்து, “ரெண்டுன்னா பத்து ரூபா” என்று தீர்ப்பளித்தார்.

உள்ளே ஈரத் தரை. கதவில் பை மாட்டும் ஆணி இருந்த துளை மட்டும் இருந்தது. தோளில் பை, கையில் பிள்ளை, பல்லில் புது டயப்பர். ஒன்றரை அடி அகல வாஷ்பேசின் விளிம்பில் அவளைக் கிடத்திப் பார்த்தேன். சங்கப் பலகை புலவர்களை எப்படித் தள்ளியிருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த இருவர், காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி, “பாத்து, பாத்து” என்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்திலேயே தாய்மார்கள் பாலூட்டும் அறை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட இந்த அறைகள் நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினார். “சார், லேடீஸ்.”

“உள்ள போகவேண்டிய ஆளும் லேடிதாம்மா” என்றேன். சிரித்தார், விளக்குமாற்றை எடுக்கவில்லை. அவர் செய்ததுதான் சரி. தாய்மார்கள் பால் கொடுக்கும் இடத்தில் எனக்கு என்ன வேலை?

அப்போது பெஞ்சில் வாழைக்காய்ப் பையோடு இருந்த ஒரு பெரியம்மா, “குடுய்யா இப்படி” என்று பிள்ளையை வாங்கினார். நடைமேடைத் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். முழங்காலுக்குக் கீழே, இரண்டு கால்களுக்கும் நடுவே விழும் பள்ளத்தில் அவளைக் கிடத்தினார். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட நம் பாட்டிமார் போடும் அதே கால் தொட்டில். நான் ஈரத் துடைப்புத்தாளை நீட்டினேன். “தண்ணி பாட்டில குடு” என்றார். பஸ்காரர் ஹாரன் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. இடையில் ஒரே ஒரு கேள்வி.

“அவ அம்மா எங்க?”

“வேலைக்குப் போயிருக்காம்மா.”

“அதான்” என்றார்.

அந்த ‘அதான்’ தனியாக ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும். நம் ஆய்வுச் சிக்கலுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிசுப் பலகை தோன்றாததற்குக் காரணம், எல்லா ஊரிலும் யாரோ ஒரு பெண்ணின் கால் அதற்குப் பதிலாக நீண்டுகொண்டே இருந்ததுதான். டெண்டர் கிடையாது, பராமரிப்புச் செலவு கிடையாது. இத்துறைக்கு ‘மடியியல்’ என்று பெயர் வைக்கலாம்.

நமக்கு மட்டும் உள்ள நோய் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பலகை இருந்தது. பல இடங்களில் பெண்கள் பக்கம் மட்டும் இருந்தது. ஆண்கள் பக்கமும் வேண்டும் என்ற கோரிக்கையோடு கலிபோர்னியச் சட்டமன்றம் 2014-ல் அனுப்பிய மசோதாக்களை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தள்ளிவிட்டார்; 2017-ல் அதே பிரவுன் அப்படிப்பட்ட ஒன்றில் கையெழுத்திட்டார். நடுவில் 2016-ல், பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் இரு பக்கமும் பலகை வேண்டும் என்ற சட்டத்தில் ஒபாமா ஒப்பமிட்டார். வல்லரசுத் தலைவர் கவனிக்கும் அளவுக்கு இது வளர்ந்த விவகாரம். நம் உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில், பொது இடங்களில் பாலூட்டும் அறையும் குழந்தைப் பராமரிப்பு அறையும் அமைய மாநிலங்கள் ஆவன செய்ய வேண்டும் என்றது. அமையட்டும். பராமரிப்பு அறை வாசலிலும் ‘தாய்மார்கள்’ என்று எழுதிவிட்டால் மறுபடி விளக்குமாறு குறுக்கே வரும்.

பலகையின் பொறியியல் ஒன்றும் ராக்கெட் வித்தை அல்ல. சுவரோடு மடிந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, இழுத்தால் இறங்கும் கீல், பிள்ளை புரளாமல் இருக்க இடுப்பில் ஒரு வார். விமானத்தின் குறுகலான கழிப்பறையிலேயே இதை மாட்டிவிட்டார்கள். முப்பதாயிரம் அடி உயரத்தில் கிடைப்பது தரையில் கிடைக்கவில்லை.

அந்தப் பெரியம்மா எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முட்டியிலும் வலியாம். கீழே உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

பேருந்து நிலையம் கட்டும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பி வரும்போது இன்னொரு முறை காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஆண்கள் பக்கச் சுவரில் ‘எச்சில் துப்பாதீர்’ பலகைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே மூன்றரை அடி சும்மா கிடக்கிறது. சாணால் அளந்துவிட்டேன், நீங்கள் டேப் வைத்தும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.