தேரிக்குப் போகும் நாள்

பங்குனி உத்திரம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒருவரும் தங்க மாட்டார்கள். எல்லாரும் குலசாமி கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் சாமி மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். திருச்செந்தூருக்கு மேற்கே விரிந்து கிடக்கும் செம்மணல் தேரியில் இருக்கிறார்.

என் சிறுவயது, 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாவதற்கு முந்தைய காலம். பஸ்ஸை விட்டிறங்கி, பொங்கப்பானை, அரிசி, விறகு எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு மணலில் நடப்போம். காலை எடுத்து வைத்தால் கணுக்கால் வரை புதையும். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஏறிவிட்டால் வெறுங்கால் பொத்துவிடும். வழியில் கொல்லாமர நிழலில் உட்காருவோம். பனையோலைப் பட்டையில் பயினி, அதாவது பதநீர், வாங்கித் தருவார் அப்பா. அந்த நாளில் தேரியைப் பார்க்கவென்று யாரும் வந்ததில்லை. விளையாத மண் என்று பெரியவர்கள் அதை ஒதுக்கியே பேசுவார்கள்.

இப்போது கோயிலுக்குக் காரிலேயே போய்விடலாம். கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள், சினிமாக்காரர்கள் வருகிறார்கள். போன உத்திரத்துக்கு என் மகள் கூட்டிவந்த சிநேகிதிகள் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி வாயடைத்து நின்றார்கள். ஒதுக்கிப் பேசிய மண்ணை இத்தனை பேர் ஆசையாய்ப் பார்க்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பார்க்க வேண்டிய மண்தான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாகப் பாய்கிறது. அது சமவெளி மண்ணை வாரிக் கொண்டுவந்து கடலோரத்தில் குவித்தது. மணலிலுள்ள இரும்பு, காற்றும் ஈரமும் பட்டுத் துருவேறி ஒவ்வொரு மணியின் மேலும் படிந்ததால் வந்தது இந்தச் சிவப்பு. ஆதிமனிதர் இங்கே படிகக்கல்லை உடைத்து நகத்தளவு கருவிகள் செய்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

ஆனால் எங்கள் ஆச்சி காட்டிய அதிசயம் வேறு. மேட்டுச் சரிவில் குத்தவைத்து மணலைக் கையால் பறிப்பாள். மேல்மணல் பொலபொலவென்று சரியும். முழங்கை ஆழம் போனதும் நிறம் கறுத்து, மண் விரலோடு ஒட்டும். "தொட்டுப் பாருட்டி. ஐப்பசியில பெஞ்ச மழைய இன்னும் வச்சிருக்கு" என்பாள். பெய்கிற மழை இங்கே ஓடைகளாய் ஓடி வீணாவதில்லை. மணல் அப்படியே குடித்துவிடுகிறது. குடித்ததை மெல்ல மெல்ல அடிவாரத்துக்கு விடுகிறது. சுட்டெரிக்கும் காட்டுக்குள் கோயில் சுனையில் தண்ணீர் நிற்பதும், தேரியோரத் தோட்டங்களில் வாழை நிற்பதும் அதனால்தான். அன்றைக்கு அந்தச் சுனைத் தண்ணீரில்தான் எங்கள் பொங்கல் வெந்தது. இன்று காரில் பாட்டில் தண்ணீர் வருகிறது. சுனையை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதுதான் எனக்குக் கவலை. இந்த மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் உண்டு. லாரியில் அள்ளினால் காசு என்று பார்க்கும் கண்களும் உண்டு. சிவப்பை மட்டும் அறிந்தவர்களுக்கு, ஒரு மேடு போனாலும் இன்னொரு மேட்டில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். மேடு போனால் அது பிடித்துவைத்த மழையும் போகும் என்று தெரிந்தவர்கள்தான் மறித்து நிற்பார்கள். அதனால் மகளிடமும் அவள் சிநேகிதிகளிடமும் சொன்னேன்: படம் எடுங்கள், உச்சியில் நின்று ஆசை தீரப் பாருங்கள். இறங்கும்போது ஓரிடத்தில் முழங்கை ஆழம் பறித்துப் பாருங்கள். பிறகு சுனைக்கு வாருங்கள். இரண்டையும் பார்த்தால்தான் தேரியைப் பார்த்ததாகக் கணக்கு.