ட்ராக் 07

கினிகத்தேனையில் மே மாசம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது. பக்கத்து வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டும். லயக் காம்பராவில் செருப்பு பூக்கும், புத்தகம் பூக்கும், கெசட் நாடாவிலும் வெள்ளைப் பூஞ்சணம் படரும். அதனால் அப்பா கெசட்டுகளைப் பிஸ்கட் பேணியில் போட்டு மூடி, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருந்தார். எங்கள் வீட்டின் பாட்டுச் சொத்து மொத்தமும் அந்தப் பேணிக்குள்தான்.

ஒவ்வொரு கெசட்டின் உள்ளட்டையிலும் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மாசம், தப்பு அடித்தது யார், பாடினது யார் என்று அவர் கையால் எழுதியிருக்கும். கெசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் உண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. அதைக் கத்தி நுனியால் உடைத்துவிட்டால் ரெக்கோட் பட்டன் இறங்காது. யாரும் மேலே வேறு பாட்டைப் பதிந்துவிட முடியாது. ஹட்டன் கடையில் காசு கொடுத்துப் பதிந்து வந்த சினிமாப் பாட்டுக் கெசட்டுகளில் அப்பா பல்லை உடைத்ததில்லை. மாசி மாசக் காமன் கூத்துக் கெசட்டில் உடைத்தார். அப்பாயி ஒப்பாரி சொன்ன கெசட்டிலும் உடைத்தார். எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே காமன் கூத்து இன்று எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் போனில் இருக்கிறது, ‘ட்ராக் 07’ என்ற பெயரில். யாரோ கெசட்டை இரவல் வாங்கி டவுனில் சீடியில் ஏற்றினார்கள். சீடியிலிருந்து பென்டிரைவுக்கு, அங்கிருந்து வட்ஸ்அப்புக்கு. கடைக்காரர் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினி இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். வாசிக்க முடியாததை யாரோ அழித்துவிட, எண் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு இருந்தது ஒரே பிரதி; யார் குரல் என்று கேட்டால் லயமே பதில் சொல்லும். இன்றைக்குப் பிரதிக்குப் பஞ்சமில்லை, பாடியவர் யாரென்று சொல்லத்தான் ஆளில்லை.

அதனால்தான் அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேணியைத் திறந்தேன்.

“சித்தப்பா, எல்லாம் போன்ல இருக்கே, இன்னும் எதுக்கு ஹார்ட் டிஸ்க்?”

“போன் ஆத்துல விழுந்தா பாட்டும் ஆத்தோட போயிரும் தம்பி.”

டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். பஞ்சில் ஏறிய காவி நிறம் நாடாவின் இரும்பு ஒக்சைட் துகள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போகிறது. கணினியில் ஒடாசிட்டி, இலவச மென்பொருள்தான். இதில் அவசரப்படவே முடியாது. ஒரு மணி நேரக் கெசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும். வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, முழுக் கெசட்டுக்கு 600 எம்பி. ஃபிளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதி, ஒலியில் ஒரு துளியும் குறையாது. எம்பி3 இன்னும் எவ்வளவோ சின்னது; ஆனால் தப்பின் அந்தக் கூர்மையான அடியை அது மழுக்கிவிடுகிறது. ஊருக்குக் கொடுக்க எம்பி3, வைத்துக்கொள்ள ஃபிளாக் என்று முடிவு செய்தோம்.

கோப்பின் பெயரில் முதலில் வருஷம், பிறகு தோட்டம், பிறகு பாடியவர், எல்லாம் யுனிகோட் தமிழில். உள்ளட்டைகளை போனில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போட்டோம். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தேடி எழுதி வைத்ததால் சொற்கள் நமக்கு மிஞ்சின. மெட்டும் குரலும் இந்த மாதிரிப் பேணிகளில்தான் கிடக்கின்றன.

வானொலியிலிருந்து பதிந்த கெசட்டுகளைக் கேட்டபோது என் கணக்கே மாறிவிட்டது. அந்தக் காலத்தில் பாட்டின் முதல் அடியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலோ பி.எச். அப்துல் ஹமீதின் குரலோ விழுந்துவிட்டால் அண்ணனுக்கு ஆத்திரம் வரும். பாட்டு மட்டும் சுத்தமாக வேண்டும் என்று அடுத்த வாரம் வரை காத்திருப்பான். அந்தச் சினிமாப் பாட்டு இன்று தட்டினால் வருகிறது. அந்த நாள் அந்த நேரத்து அறிவிப்புத்தான் வேறெங்கும் இல்லை. அவன் வெட்ட நினைத்த துண்டுகளை இப்போது தனி ஃபோல்டரில் சேர்க்கிறேன்.

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில்: புகைப்படக்காரர்கள் பரப்பிய விதி இது. இணையத்தில் போட்டால் போதும் என்கிறவர்களுக்கு மைஸ்பேஸ் ஞாபகம் இருக்கவேண்டும். சர்வர் மாற்றும்போது 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் போய்விட்டதாக 2019இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதைவிட நமக்குக் கிட்டத்தில் 1981 யாழ்ப்பாணம் இருக்கிறது. நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களில், மறுபடி அச்சிட்டதெல்லாம் திரும்பி வந்தது. ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகள் வரவில்லை. லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பது மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று டவுனில் அண்ணன் வீட்டில். மூன்றாவது பிரதியைக் கோத்தகிரிக்கு அனுப்பப்போகிறோம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. காமன் கூத்துக் கெசட்டில் ரதிக்குப் பாடிய அத்தை குடும்பமும் அந்தக் கணக்கில்தான் கப்பலேறியது. அந்தக் குரலின் நகல் கோத்தகிரியில் இருக்கும் அவர் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பையும் தாண்டிய காரணம்.

அவர்கள் சம்மதித்தால் ஒரு நகலை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறவர்கள் இப்போது ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள்.

காமன் கூத்துக் கெசட்டின் பி பக்கத்தில் தப்படித்தவரின் பெயர் மட்டும் அட்டையில் ஈரத்தில் கரைந்துவிட்டது. நோட்டன்பிரிஜ் பக்கத்தில் அந்தக் காலத்துத் தப்புக்காரர் ஒருவர் இருக்கிறாராம், அடியைக் கேட்டே ஆளைச் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனோடு போகிறேன்.