கடவுச்சொல் கேட்டவழித் தலைவன் கலங்கியது: ஓர் ஆய்வு

வீட்டு வைஃபை காவல் குறித்த நூல்களெல்லாம் பகைவன் வெளியே நிற்கிறான் என்று கொண்டே தொடங்கும். அது பொருந்தாது. என்னை? அவர் சோபாவில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார் ஆகலின். பெரும்பாலும் மைத்துனர்.

முதற்கண் தலைவன் இயல்பு. ஓடிடிக்கு மாதாமாதம் அழ மனமின்றி, ராஸ்பெர்ரி பை என்னும் குட்டிக் கணினி ஒன்றும் ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்கி, வீட்டுக்குள்ளேயே படம் ஓட்டும் ஜெல்லிஃபின் என்னும் மென்பொருளை நிறுவி, சேர்த்து வைத்த டிவிடிகளையெல்லாம் அதில் ஏற்றியவன். செலவு மிச்சமானதா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. ஏற்றிய படங்களை அவன் பார்த்தானா என்பதும் வராது. எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டதால் 2018இல் அதிலிருந்து பிரிந்து வந்ததே ஜெல்லிஃபின். இதை வருவோர் எல்லோரிடமும் சொல்வான். அவர்களும் "அப்படியா" என்பர்.

இனிக் காவல். 1997இல் வந்த வெப் என்னும் பூட்டு 2001இல் உடைபட்டது. 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 எனப் பூட்டு வலுத்தது. இடையே 2011இல் டபிள்யூபிஎஸ் என்னும் கொல்லைக்கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. அதன் எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரு பாதியாகச் சோதிக்கும். முதற்பாதி தவறென்றால் கேட்டவனிடமே சொல்லிவிடும். கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே பத்துக் கோடி முறை முயல வேண்டிய இடத்தில் 11,000 முறை போதுமாயிற்று. தலைவன் அதை அணைத்தான். 2016இல் மிராய் என்னும் நச்சுநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொற்களை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் வாரிக்கொண்டு போனதை அறிந்து, 'அட்மின்' என்பதையும் மாற்றினான். வைஃபைக்கு 22 எழுத்தில் கடவுச்சொல் வைத்தான்.

அவ்வழி மைத்துனர், "மச்சான், வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார்.

கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுத்தால் தீர்ந்தது என்பர் ஒரு சாரார். அற்றன்று. அதில் நுழைந்தவருக்கு இணையம் கிட்டும். வீட்டுப் பெட்டிகள் கண்ணில் படா. அதற்காகவே அமைந்தது அது. மைத்துனரோ, "உங்க பொட்டியில எல்லாப் படமும் இருக்குன்னீங்களே, என் போன்ல ஒண்ணுமே வரலையே" என்பார். பெருமையடித்தவன் தலைவன், இனிக் காவலைப் பார்ப்பானா, மானத்தைப் பார்ப்பானா?

க்யூஆர் கட்டத்தைக் காட்டினால் கடவுச்சொல் மறைந்தே இருக்கும் என்பர் மற்றொரு சாரார். அதுவும் அன்று. கட்டத்துக்குள் இருப்பது அதே கடவுச்சொல்தான், எழுத்துக்கு எழுத்து. தவிர, ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்த போனே அடுத்தவருக்கு அக்கட்டத்தைக் காட்டும். மைத்துனர் வந்த காரின் டிரைவர் வாசலில் நின்று யூடியூப் பார்ப்பது இவ்வாறே நிகழ்ந்தது.

இவ்விவாதம் முடியுமுன் தலைவி அடுப்படியிலிருந்தே சொல்லத் தொடங்கிவிட்டாள்: "பெரிய எழுத்து கே... அப்புறம் அட் த ரேட்... இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு ஏழு..." பக்கத்து வீட்டுச் சன்னலும் அப்போது திறந்திருந்தது என்பது கள ஆய்வில் கண்டது.

விருந்து போனபின் கடவுச்சொல்லை மாற்றலாமே எனின், மாற்றலாம். மாற்றினால் பிரிண்டர், கேமரா, இரண்டு பல்பு, டிவி அனைத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். டிவிக்கு ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, 22 எழுத்தும். பாதியில் ஒன்று தவறினால் முதலிலிருந்து. தலைவன் ஒருமுறை ரிமோட்டைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான். எப்படியும் பொங்கலுக்கு அவர்கள் மறுபடி வருகிறார்கள்.